யமஹா ஆர்.எக்ஸ். 100: பழைய வண்டிச் சந்தையில் விலையேற்றம்

யமஹா ஆர்.எக்ஸ். 100 என்பது ஜப்பானிய யமஹாவின் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரித்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். எடை ஏறத்தாழ 100 கிலோ, திறன் 11 குதிரைத்திறன். எடைக்கும் திறனுக்குமான இந்த விகிதமே அதன் வேகத்துக்கு அடிப்படை. மதுரை உட்படத் தமிழக நகரங்களில், நன்கு புதுப்பித்த வண்டிக்குப் புது வண்டியின் விலை கேட்கப்படுகிறது. இதை இளமை நினைவின் மயக்கம் என்பது பாதி விளக்கமே. நினைவு மட்டும் காரணமானால் அக்காலத்து வண்டிகள் எல்லாவற்றின் விலையும் ஒருசேர ஏறியிருக்கும். ஆனால் ஜப்பானில் வார்த்த எஞ்சின் பாகங்கள் கொண்ட தொடக்ககால வண்டிகளுக்கே தேவை மிகுதி. புகை விதிகள் இறுகியதால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் திரும்பி வருவதும் அரிது. 50 ஆண்டு நிறையாததால் 2021ஆம் ஆண்டின் பழம்பெரும் வாகன விதிகள் இதற்குப் பொருந்தா. எனவே 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஆர்.சி. எனும் பதிவுச் சான்று நடப்பில் உள்ள வண்டிக்கே முழு மதிப்பு.