ஒரு வாழைக்காய் உருண்டையின் 7,000 ஆண்டுப் பயணம்

ஈக்வடார் நாட்டின் கடலோரத்தில் காலைப் பசிக்குப் பதில் 'போலோன்'. வாழைக்காயை வேகவைத்தோ பன்றிக்கொழுப்பில் மெல்லப் பொரித்தோ எடுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்து, பாலாடைக்கட்டியோ முறுகலாக வறுத்த பன்றித் துண்டுகளோ சேர்த்துப் பிசைந்து, கை நிறைய உருட்டித் தருவார்கள். மேலே ஒரு பொரித்த முட்டை, பக்கத்தில் ஒரு குவளை காபி. நியூயார்க்கிலோ மாட்ரிட்டிலோ குடியேறிய கடலோர ஈக்வடார்காரரிடம் ஊர்ச் சாப்பாடு எது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மண்ணின் ருசி என்று இதைத்தான் காட்டுவார்.

ஆனால் தட்டில் இருப்பவற்றைக் கூப்பிட்டு வைத்து ஊர் விசாரித்தால் வேடிக்கைதான். வாழைக்குப் பூர்வீகம் நியூகினித் தீவும் தென்கிழக்கு ஆசியாவும். பன்றியும் மாடும் ஸ்பானியக் கப்பலில் வந்தவை. கோழி ஆசியாவிலிருந்து, காபி எத்தியோப்பியாவிலிருந்து. மனாபி மாகாணத்தில் தொட்டுக்கொள்ள வைக்கும் வேர்க்கடலைப் பொடிக்கு மட்டும்தான் தென் அமெரிக்காவில் பரம்பரைப் பட்டா உண்டு.

இவர்களில் அதிகம் அலைந்தது வாழை. காட்டு வாழைப்பழத்தில் கெட்டியான விதைகள்தான் நிறைய, சதை பேருக்குக் கொஞ்சம். பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் குக் என்ற சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. விதை குறைந்த மரமாகப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் கன்று எடுத்து நட்டார்கள். அப்படி நட்டவற்றை மேற்கே கொண்டுபோனபோது அவை ஆசியாவின் இன்னொரு காட்டு வாழையோடு கலந்தன. பிறந்த பிள்ளைகளில் பல, விதையே வைக்காத மலட்டு வாழைகள். போலோனுக்கு வேண்டிய மாவுப்பிடிப்பான வாழை அந்த வம்சம். நாகர்கோவில் கடைகளில் சிப்ஸாகப் பொரிபடும் நேந்திரனும் அதே கிளைதான்.

விதையில்லாத செடியைப் பறவை எச்சமிட்டுப் பரப்ப முடியாது. தேங்காய் மாதிரி கடலில் மிதந்து வந்து கரையேறவும் அதற்கு வழியில்லை. பூமியில் எங்கெல்லாம் இந்த வாழை நிற்கிறதோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் கிழங்கோடு கன்றைப் பெயர்த்து, ஈரம் காயாமல் கொண்டுவந்து நட்டிருக்கிறார். 'வாழையடி வாழையாக' என்று நாம் வாழ்த்தும்போது தாயருகே முளைக்கும் கன்று நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டிய வாழைக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மனிதக் கை தேவைப்பட்டது.

அந்தக் கைகளில் பல பெயர் தெரியாதவை. ஆப்பிரிக்காவுக்கு முதல் கன்று எந்த வழியாகப் போனது என்பதில் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. காமரூன் நாட்டின் இன்காங் என்ற இடத்தில் கிடைத்த வாழைத் தடயத்தின் வயது சுமார் 2,500 ஆண்டுகள் என்று ஒரு கட்சி சொல்கிறது, இன்னொரு கட்சி சந்தேகப்படுகிறது. மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டு உழவர்கள் இந்த வாழையை முழுக்கத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 100-க்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே உருவாயின. வெந்த காயையும் கிழங்கையும் உரலில் போட்டு உலக்கையால் குத்தி உருட்டுவது மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சமையலின் அன்றாட வேலை.

15-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கினி கடற்கரையில் வாழையைப் பார்த்தார்கள். கொஞ்ச காலத்தில் அது கானரித் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு அதைக் கடத்தியவராக வரலாற்றில் பெயர் பெற்றவர் ஒரு துறவி. தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற டொமினிகன் சபைத் துறவி 1516-இல் கிரான் கானரியிலிருந்து ஹிஸ்பானியோலா தீவின் சாந்தோ தொமிங்கோவுக்குக் கன்றுகளைக் கொண்டுவந்தார் என்று ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ எழுதிவைத்திருக்கிறார்.

இந்தத் துறவியின் கதை அதோடு முடியவில்லை. பின்னாளில் பனாமாவின் ஆயரானார். பெருவைப் பிடித்த பிசாரோவுக்கும் அல்மாக்ரோவுக்கும் நடந்த பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்க 1535 பிப்ரவரியில் பனாமாவிலிருந்து கப்பலேறினார். காற்று நின்றுபோனது. நீரோட்டம் கப்பலை இழுத்துக்கொண்டு போய் மார்ச் 10 அன்று யாரும் கேள்விப்படாத தீவுக்கூட்டத்தில் விட்டது. அதுதான் கலாபகோஸ். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கள்ளி மடல்களைப் பிழிந்து குடித்தார்கள். இரண்டு ஆட்களும் பத்துக் குதிரைகளும் செத்த பிறகு ஒரு வழியாக மறுகரை கண்டார்கள். டார்வின் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன், அங்கிருந்த பெரிய ஆமைகளைப் பற்றியும் ஓடத் தெரியாத பறவைகளைப் பற்றியும் ஸ்பெயின் மன்னருக்கு விவரமாகக் கடிதம் எழுதினார்.

கடிதத்தில் அவர் இட்ட தேதி ஏப்ரல் 26, ஊர் போர்ட்டோவியெஹோ. அந்த ஊர் நிறுவப்பட்டு ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. இன்று அது மனாபி மாகாணத்தின் தலைநகர், வாழைக்காய்ச் சமையலுக்குப் பேர்போன மண். அமெரிக்காவுக்கு வாழை கொண்டுவந்தவர், போலோன் ஊரிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார்! தன் கன்றுகளின் சந்ததி அந்த மாகாணத்தை எப்படி ஆளப்போகிறது என்பது ஆயருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்பெயினில் அவருடைய சொந்த ஊர்த் தேவாலயத்தில் இன்றும் அவர் நினைவாகக் காட்டப்படுவது வாழை அல்ல, அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாடம் செய்த ஒரு முதலை.

கன்றைத் துறவி கொண்டுவந்தார் என்றால், அதை இடித்துச் சமைக்கும் கையை அடிமைக் கப்பல்கள் கொண்டுவந்தன. கரீபியன் தோட்டங்களில் அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்ப வாழைக்காய் தோதாக இருந்தது. அதை என்ன செய்வது என்று ஆப்பிரிக்கர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போர்ட்டோ ரிகோவில் பொரித்து, பூண்டோடு இடித்தால் மொஃபோங்கோ. டொமினிக்கன் குடியரசில் வேகவைத்து மசித்தால் மங்கு. பெருவின் அமேசான் பகுதியில் கொழுப்போடு பிசைந்து உருட்டினால் தகாச்சோ. ஒவ்வொரு ஊரும் தன்னுடையதுதான் அசல், மற்றதெல்லாம் பார்த்துச் செய்தது என்று சத்தியம் செய்யும்.

ஈக்வடாருக்குள் இந்தக் கை நுழைந்த வாசல்களில் ஒன்று கப்பல் விபத்து. 1553-இல் பனாமாவிலிருந்து பெருவுக்குப் போன கப்பல் எஸ்மரால்டாஸ் கடற்கரையில் உடைந்தது. அதிலிருந்த ஆப்பிரிக்கர்கள் காட்டுக்குள் தப்பி, பூர்வகுடிகளோடு கலந்து, ஸ்பானியர் அடக்க முடியாத சமூகமாக வளர்ந்தார்கள். 1599-இல் எஸ்மரால்டாஸின் ஆப்பிரிக்க வம்சாவளித் தலைவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ தெ அரோபேயையும் இரு மகன்களையும் கீத்தோ நகர ஓவியர் ஆந்த்ரேஸ் சாஞ்செஸ் கால்கே வரைந்தார். பட்டுத்துணியும் தங்க மூக்கணியுமாக மூவரும் நிற்கும் அந்த ஓவியம் ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பப்பட்டது, இன்று மாட்ரிட்டின் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஸ்மரால்டாஸில் இன்றும் தேங்காய்ப்பாலில் வேகும் மீனுக்கு வாழைக்காய்தான் ஜோடி.

வாழை எவ்வளவு சீக்கிரம் ஊர்க்காரனாகிவிட்டது என்றால், அறிஞர்களே ஏமாந்தார்கள். 1802-03-இல் ஈக்வடார் மலைகளையும் குவாயாகில் துறைமுகத்தையும் சுற்றிய ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், கொலம்பஸ் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் வாழை இருந்திருக்கும் என்று வாதாடினார். ஒரே அளவு நிலத்தில் கோதுமையைவிட வாழை 133 மடங்கு எடை விளைச்சல் தரும் என்றும் அவர் கணக்குப் போட்டுக் காட்டியதில் ஐரோப்பா வாயைப் பிளந்தது. தாவரவியலாளர் தெ காந்தோல் 1880-களில்தான் வாழையின் ஆசியப் பிறப்பைச் சான்றுகளோடு நிலைநாட்டினார்.

20-ஆம் நூற்றாண்டில் அதிர்ஷ்டம் ஒரு நோயின் வடிவில் வந்தது. மத்திய அமெரிக்கத் தோட்டங்களைப் 'பனாமா வாடல்' தின்று தீர்த்தது. நோய் பரவாத மண்ணைத் தேடிய வியாபாரிகளின் கண் ஈக்வடார்மீது விழுந்தது. 1948-இல் பதவியேற்ற அதிபர் காலோ பிளாசா, சாலையும் கடனும் தந்து வாழைச் சாகுபடியை ஊக்குவித்தார். 1950-களிலேயே ஈக்வடார் உலகின் முதன்மை வாழை ஏற்றுமதி நாடாகிவிட்டது. ஆனால் கப்பலேறியது இனிப்புப் பழம். சமையல் வாழைக்காய் வீட்டோடு தங்கியது.

கப்பலேறிய இன்னொன்று தொப்பி. உலகம் 'பனாமா தொப்பி' என்று வாங்குவது ஈக்வடாரில் பின்னியதுதான். மனாபியின் மோந்தெக்கிறிஸ்தியில் பேர்பெற்ற அந்தக் கைவேலை, மலைநாட்டு அசுவாய், கன்யார் மாகாணங்களுக்கும் பரவியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொப்பி மோகம் சரிந்தது. வேலையிழந்த மலைநாட்டு இளைஞர்கள், தொப்பி வியாபாரம் ஏற்கெனவே போட்டுவைத்த தடத்திலேயே நியூயார்க் போனார்கள். குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா தெருக்கள் மெல்ல அவர்கள் பேட்டையாயின.

பிறகு கிளம்பியது மனித வெள்ளம். 1999 மார்ச்சில் அரசு வங்கிகளை மூடி, மக்களின் சேமிப்பை முடக்கியது. 2000 ஜனவரியில் ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்ற விலையில் நாட்டின் நாணயமே கைவிடப்பட்டது. ஸ்பெயின் அப்போது ஈக்வடார்காரர்களிடம் விசா கேட்கவில்லை; 2003-இல்தான் கதவை மூடியது. அதற்குள் பல லட்சம் பேர் போய்விட்டார்கள். பெண்களில் பலர் வீட்டு வேலைக்கும் முதியோரைக் கவனிக்கும் வேலைக்கும் முதலில் போய், பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். குவாயாகில்காரர்கள் பலர் இத்தாலியின் ஜெனோவாவில் இறங்கினார்கள். கொலம்பஸ் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் அதே ஜெனோவா!

மாட்ரிட்டின் காசா தெ காம்போ பூங்காவிலும் நியூயார்க்கின் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈக்வடார் கூடியது. அணிக்கு மூன்றே பேர் ஆடும் அவர்கள் நாட்டுக் கைப்பந்து ஒரு பக்கம், சாப்பாட்டுப் பாத்திரங்கள் ஒரு பக்கம். சொந்த நாட்டில் மலைக்காரரும் கடலோரக்காரரும் ஒருவரை ஒருவர் கிண்டலடிக்காமல் விடமாட்டார்கள். வெளிநாட்டில் மலைநாட்டுப் பன்றி வறுவலும் கடலோர மீன் சூப்பும் போலோனும் ஒரே வண்டியில் விற்கின்றன. ஊரில் ஒரு வட்டாரத்தின் காலை உணவாக இருந்தது, அக்கரையில் தேசிய உணவாகப் பதவி உயர்வு பெற்றது.

ஸ்பெயினின் கடைகளில் கானரித் தீவு வாழை குவிந்து கிடக்கும். பெர்லாங்கா கன்று எடுத்த தீவு அது, ஆனால் இன்று விளைவது இனிப்பு ரகம், போலோனுக்கு உதவாது. ஆகவே மனாபியின் எல் கார்மென் பகுதி உழவர்கள் 'பர்ரகனெத்தே' என்ற நீளக் காயைப் பச்சையாகவே பெட்டியில் அடுக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். வீட்டோடு தங்கிய வாழைக்காயும் கடைசியில் பிள்ளைகளைத் தேடிக் கப்பலேறிவிட்டது. காய் லேசாக மஞ்சளடித்தாலும் இனிப்பு ஏறிக் காரியம் கெடும். கறை கையில் பிடிக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் வைத்துத் தோல் உரிப்பார்கள். ஊர்ப் பாலாடைக்கட்டி கிடைக்காவிட்டால் மொசரெல்லா வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்குக் கல்லால் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்பதால், பலர் உருளைக்கிழங்கு மசிக்கும் கரண்டியோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

7,000 ஆண்டுகளாகக் கன்று ஊர் ஊராகப் போனது. போன இடத்தில் யாரோ அதற்கு ஒரு சமையல் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் குளிரில் கன்று பிழைக்காது. ஆகவே இந்தமுறை மரம் எல் கார்மெனில் நிற்கிறது, கைப்பக்குவம் மட்டும் பிள்ளைகளோடு புறப்பட்டுவிட்டது. குயின்ஸில் பிறக்கும் பேரப்பிள்ளைகள், மொசரெல்லா போட்ட போலோன்தான் பாட்டி காலத்து அசல் என்று ஒருநாள் சாதிக்கக்கூடும். மறுத்துப் பேச நமக்கு வாயில்லை. பாட்டியின் பாட்டி போட்ட பாலாடைக்கட்டியும் கப்பலில் வந்ததுதானே!