தறிக்குத் திரும்புதல்

தொண்ணூறுகளில், ஆரணியில், என் பெரியப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது தறியில் அரைப் புடவை நின்றது. பாவும் ஊடையும் முதலாளி கொடுத்தவை. கூலி, புடவை அறுத்த பிறகுதான். மூன்றாம் நாள், அதுவரை நூல் சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மா குழிக்குள் இறங்கினார். "காலுதான போச்சு, கையி இருக்குல்ல" என்று பெரியப்பா நூல் சுற்ற உட்கார்ந்தார்.

நோயுற்ற, அடிபட்ட தொழிலாளி வேலைக்குத் திரும்புவது பற்றிய வரலாற்றைத் தேடிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் காட்சி குறுக்கே வருகிறது. அந்த வரலாறு ஆலை வாசலில் தொடங்குகிறது. 1884இல் ஜெர்மனியின் விபத்துக் காப்பீடு. இந்தியாவில் 1923இன் இழப்பீட்டுச் சட்டம். இதன் பிற்கால அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆட்காட்டி விரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. உடம்பைத் துண்டு துண்டாக விலைபேசும் மொழிதான். ஆனால் அந்த விலைகூட வீட்டுத் தறிக்காரருக்குப் பேசப்படவில்லை.

இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டம், பொருளை வாங்கிப்போய் வீட்டில் செய்து தருபவரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே வெளியே தள்ளியது. சுதந்திர இந்தியா செய்தது இன்னும் விசித்திரம். 1948 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதே ஆளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. ஏப்ரலில் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டமோ தொழிற்சாலைக்கு எழுதப்பட்டது. நோய்க்காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்றது அதன் 73ஆம் பிரிவு. நிரந்தர ஊனமடைந்தவருக்கு மாற்றுத் தொழில் பயிற்சியும் பின்னர் சேர்ந்தது. ஒரே மாத இடைவெளியில், கூலிக்குத் தொழிலாளி, காயத்துக்கு யாரோ.

வீட்டுக்குள் சட்டம் எப்படி நுழையும் என்பார்கள். 1966இன் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்ததே! பட்டுத்தறி என்றால் மட்டும் 'பாரம்பரியம்', 'கலை' என்று பேச்சு திரும்பிவிடுகிறது. இந்தப் புகழ்மொழிக்குப் பின்னால் கூலி உறவு ஒளிந்துகொள்கிறது. 2005-06இல் கைத்தறி நெசவாளர் மருத்துவக் காப்பீடு வந்தது; அது பார்த்தது வைத்தியச் செலவை, தறி நின்ற நாட்களை அல்ல. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் வீட்டில் வேலை செய்பவரை அமைப்புசாரா வரிசையில்தான் நிறுத்தியது.

வேலைக்குத் திரும்பவைக்கும் திட்டம் எங்கள் தெருவிலும் ஒன்று உண்டு. அதன் பெயர் முன்பணம். வாங்கிய கடன் தீராமல் தறியை விட முடியாது; கால் வலித்தாலும், கண் மங்கினாலும்.

நாலு மாதம் கழித்துப் பெரியப்பா மறுபடி குழியில் இறங்கினார், வலக்கால் மிதியை இடக்காலாலேயே மிதித்துக்கொண்டு. பெரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நூல் சுற்றப் போனார். முதலாளியின் நோட்டில் அந்த நாலு மாதப் புடவைகளும் பெரியப்பா பெயரிலேயே எழுதப்பட்டிருந்தன.