சித்தூர் என்றொரு பஸ்

தலைப்பைப் பார்த்துவிட்டு திருப்பதிக்குப் போகிற பேருந்து என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். மின்சாரக்காரர்கள் பாஷையில் பஸ் என்றால் பல கம்பிகள் வந்து கூடுகிற சப்ஸ்டேஷன் முனை.

எந்த மின்நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்தால் செலவு குறையும், எந்தக் கம்பிக்கும் சுமை மீறாது? இதற்கான கணக்கை 1962ல் பிரான்சில் கார்பன்டியே எழுதி வைத்தார். ஆப்டிமல் பவர் ஃப்ளோ என்று பெயர். அதற்குத் தீனி மூன்று வகை: கம்பிகளின் மின்தடை, ரியாக்டன்ஸ், தாங்கும் அளவு, ஜெனரேட்டர்களின் எல்லையும் செலவும், ஒவ்வொரு பஸ்சிலும் உள்ள லோடு.

திருப்பதியில் படித்தாலும் டெக்ஸாஸில் படித்தாலும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் போட்டுப் பார்ப்பது ஐஇஇஇ 14 பஸ் மாதிரியைத்தான். அது 1962 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய மேற்கில் இருந்த மின்வலையின் ஒரு துண்டு. கம்பிகளின் தாங்கும் அளவு அதில் கிடையவே கிடையாது. செலவு எண்களும் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தவை. அறுபது வருஷமாக அதை வைத்துத்தான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறோம் :-)

சரி, சித்தூரை ஏற்றிப் பார்ப்போம். கம்பி சுலபம். நீளம், தடிமன், இடைவெளி தெரிந்தால் எண் வந்துவிடும். 1953ல் சித்தூர் ஆந்திராவோடு போனது, 1960ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, 2022ல் திருப்பதி தனி மாவட்டமானது. இதனாலெல்லாம் ஒரு கம்பியின் ரியாக்டன்ஸும் மாறாது.

தகராறு லோடில்தான். சித்தூர் வறண்ட சீமை, போர்வெல்லை நம்பிய விவசாயம். தண்ணீர் கீழே போகப்போக மோட்டாரின் குதிரைசக்தி ஏறும், பதிவேட்டில் பழைய எண்ணே இருக்கும். முன்பு குதிரைசக்திக்கு இத்தனை ரூபாய் என்று வசூல். 2004ல் ராஜசேகர ரெட்டி பதவியேற்ற அன்றே இலவச மின்சாரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டிலுமே மீட்டருக்கு வேலையில்லை.

அப்படியானால் லோடு எண் எங்கிருந்து வருகிறது? மாதிரிக்குச் சில டிரான்ஸ்பார்மர்களில் மீட்டர் வைத்துப் பெருக்கிக்கொள்கிறார்கள். 2000லிருந்து இந்தப் பகுதியின் மின்விநியோகக் கம்பெனிக்குத் தலைமையிடமே திருப்பதிதான். விவசாய லைனுக்கு முறைவைத்துக் கரண்ட் விடுவதால், பயிரின் தேவையை அந்த எண் சொல்லாது, கரண்ட் விட்ட நேரத்தைத்தான் சொல்லும்.

இன்னொன்று. பம்ப்செட் மோட்டார் ரியாக்டிவ் பவரையும் இழுக்கும். அதைக் குறைத்துப் போட்டால் கம்ப்யூட்டரில் வோல்டேஜ் சரியாகத் தெரியும். பலமநேரி பக்கம் லைனின் கடைசியில் இருப்பவருக்கோ மோட்டார் காயில் புகைந்துவிடும். ரீவைண்டிங் செலவு அவர் தலையில்.

2020ல் ஸ்ரீகாகுளத்தில் பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் பொருத்த ஆரம்பித்தபோது, இலவசத்தைப் பறிக்கத்தான் இது என்று எதிர்ப்பு வந்தது. அந்தப் பயம் நியாயமானது என்பேன். ஆனால் மீட்டர் இல்லாதவரை, தனக்கு வந்தது மோசமான வோல்டேஜ் என்று நிரூபிக்க அந்தக் கடைசி விவசாயியிடம் கருகிய காயிலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.