ஒரே ஊரில் இரண்டு ஆயர்கள்

சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகத்துக்கு ‘சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம்’ என்று பெயர். மயிலாப்பூர் சென்னைக்குள்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு இரண்டு ஊர்ப் பெயர் என்று உங்களில் சிலருக்காவது தோன்றியிருக்கும். அந்த நடுக்கோட்டுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

இரண்டில் மூத்தது மயிலை. 1606-ல் போப் ஐந்தாம் பவுல், கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரித்து சாந்தோமைத் தலைமையிடமாக வைத்து இதை உண்டாக்கினார். எல்லை வங்காளம் வரை போயிற்று. இங்கே ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் மன்னருடையது. கோயில் கட்டவும் குருக்களைப் பராமரிக்கவும் பணம் மன்னர் தர வேண்டும். அதற்கு ஈடாக ஆயர் யார் என்பதை அவர் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்கு ‘பாத்ரவாதோ’ என்று பெயர். காலப்போக்கில் போர்ச்சுகலின் கை தளர்ந்தது, பணம் வருவது குறைந்தது. உரிமையை மட்டும் விடவில்லை.

இதற்கிடையில் சாந்தோமுக்கு வடக்கே சில மைல் தூரத்தில் ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிவிட்டார்கள். கோட்டையை அண்டிக் குடியேறியவர்களில் போர்த்துக்கீசிய வழிக் கத்தோலிக்கர் நிறையப் பேர். ஞாயிறு பூசைக்கு அவர்கள் சாந்தோமுக்குப் போய்வருவது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. 1642-ல் பர்மாவின் பெகுவுக்குப் போகும் வழியில் இங்கே வந்த எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியை அப்படியே இருத்திக்கொண்டார்கள். புராட்டஸ்டண்ட் கம்பெனி கத்தோலிக்கச் சாமியாரை வைத்துக்கொண்டது பக்தியால் அல்ல, கணக்குப் போட்டுத்தான். அவர் கோயில் நடத்தினார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். சாந்தோம்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1649-ல் அவரைப் பிடித்து கோவாவுக்கு அனுப்பி, அங்கே சமய விசாரணை மன்றத்தின் சிறையில் வைத்தார்கள். விடுதலையானதும் அவர் நேரே சென்னைக்கே திரும்பிவிட்டார்.

ஒரே ஊரில் இரண்டு நிர்வாகம் தொடங்கிய கதை இதுதான். சாந்தோம் தரப்பு லிஸ்பனைப் பார்த்தது. கோட்டைத் தரப்பு, ரோமில் மறைபரப்புக்கென்று 1622-ல் ஏற்பட்ட ‘புரோபகாந்தா’ சபையைப் பார்த்தது. 1832-ல் சென்னைக்கென்று ரோமின் நேரடிப் பிரதிநிதி ஒருவர் நியமனமானார். 1838-ல் போப் பதினாறாம் கிரகோரி மயிலை ஆயரின் அதிகாரத்தையே எடுத்துவிட்டார். மயிலைக் குருக்கள் அதை ஏற்கவில்லை.

பாதிரிமார் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சாவியை யார் வைத்துக்கொள்வது என்று கோயிலுக்குக் கோயில் தகராறு நடந்தது. அந்தக் குருவிடம் போனால் பாவம் என்று இந்தக் குரு சொல்வார். அவரும் அதையே திருப்பிச் சொல்வார். தாலி கட்டிய கல்யாணம் திருச்சபைக் கணக்கில் செல்லுமா, இறந்தவரை எந்தக் கல்லறையில் அடக்கம் செய்வது என்று குடும்பங்கள்தான் தவித்தன. மேலே இருப்பவர்கள் எல்லை பிரிக்காமல் விட்டால் அதன் சுமை கீழே கவுண்டரில் நிற்பவர் தலையில்தான் விழும். வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது.

1886-ல் ரோமும் லிஸ்பனும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மயிலைக்கு மறுபடி ஆயர் வந்தார். அதே ஆண்டு சென்னை உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. சாந்தோமில் நீங்கள் இன்று பார்க்கும் வெள்ளைக் கோபுரப் பேராலயம், அந்த ஒப்பந்தத்துக்குப் பின் மயிலைக்கு வந்த ஆயர் ரீட் த சில்வா 1893–96-ல் கட்டியது. சென்னைப் பேராயரின் கோயிலோ ஆர்மீனியன் தெருவில் இருந்த புனித மரியன்னை பேராலயம்.

சுதந்திரம் வந்த பிறகு முடிச்சு அவிழ்ந்தது. 1950-ல் போர்ச்சுகல் மயிலை உள்பட சில மறைமாவட்டங்களின் மீதிருந்த நியமன உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13 அன்று இரண்டும் ஒன்றாயின. சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ், 1935 முதல் சென்னைப் பேராயராக இருந்தவர், இணைந்த அமைப்புக்கு முதல் பேராயர் ஆனார். எந்தத் தலைமை அலுவலகம் நிற்கும், எது போகும் என்பதுதானே எந்த இணைப்பிலும் பெரிய தலைவலி! இங்கே பேராயரின் ஆசனம் சாந்தோமுக்குப் போனது. ஆர்மீனியன் தெருக் கோயில் இணைப் பேராலயம் ஆனது. பெயரில் இரண்டு ஊரும் நின்றன. அதே நாளில் வேலூரும் தஞ்சாவூரும் புதிய மறைமாவட்டங்களாயின. அதுவரை மயிலையின் கீழ் இருந்த வேளாங்கண்ணி தஞ்சாவூருக்குப் போயிற்று. யார் பக்கம் என்று பார்க்காமல் எந்த இடம் என்று பார்த்து எல்லை போட்டார்கள். இதை நூறு வருஷம் முன்பே செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லை தெளிவானால் என்ன லாபம் என்பதைப் பங்கு அலுவலகத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு உண்டு. இன்னொரு ஊரில் உங்கள் கத்தோலிக்க நண்பருக்குக் கல்யாணம் நடந்தால், அந்த ஊர்ப் பங்குத்தந்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே அவர் பெயருக்கு எதிரே, ஓரத்தில், அது குறிக்கப்படும். ஒரு கிளையில் போட்ட பற்றை இன்னொரு கிளையில் வரவு வைப்பது மாதிரி. கல்யாணத்துக்கு முன் மூன்று முறை கோயிலில் ‘ஓலை’ வாசிப்பதும் இந்தச் சரிபார்ப்பின் பகுதியே. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். ஒரே தெருவுக்கு இரண்டு நிர்வாகம் இருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்? ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறையாவது ஆயர் தம் மறைமாவட்டம் முழுவதையும் பார்வையிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஆயர் வந்தால் ஆசீர்வாதமும் கிடைக்கும், அதுதான் வித்தியாசம்.

1966-ல் இரா. அருளப்பா பேராயர் ஆனார். இந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர். ஊர் பெருத்துக்கொண்டே போனதில் 2002-ல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. அதில் ஒரு வேடிக்கை. புனித தோமையாரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் மூன்று இடங்களில் சாந்தோமும் சின்னமலையும் சென்னை–மயிலையில் இருக்கின்றன. பரங்கிமலை செங்கல்பட்டு ஆயரின் எல்லைக்குள் வருகிறது. சைதாப்பேட்டையிலிருந்து மலைக்கு ரயிலில் போகிறவர் வழியில் ஒரு மறைமாவட்ட எல்லையைத் தாண்டித்தான் போகிறார்.