பிறேவ்ஸ்ராரும் அவனை வரைந்தோரும்

சிறுவர்க்கென ஆக்கப்படும் கலைப்படைப்புகளை அற்பமானவையென ஒதுக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எக்கதையைச் சொல்கின்றது, யாருடைய இலாபத்துக்காகச் சொல்கின்றது என்னும் வினாக்கள் அற்பமானவையல்ல. 1987 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தோன்றி, 1988 பெப்ரவரியுடன் முடிவுற்ற 'பிறேவ்ஸ்ரார்' என்னும் சித்திரத் தொடரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கௌபோய்க் கதையையும் விஞ்ஞானக் கற்பனையையும் ஒன்றாகப் பிணைத்தது இத்தொடர். கதையின் களம் நியூ ரெக்சாஸ் என்னும் தொலைதூரக் கோள். அதன் மண்ணிலே கெரியம் என்னும் அரிய கனிமம் புதைந்திருக்கின்றது. அதனை நாடிக் குடியேறுவோரும் கொள்ளையரும் வந்து குவிகின்றனர். அங்கே சட்டத்தைக் காக்கும் மார்ஷலாகிய பிறேவ்ஸ்ரார் அமெரிக்கப் பூர்வகுடி மரபினன்; பருந்தின் கண்ணும் ஓநாயின் செவியும் கரடியின் வலிமையும் பூமாவின் வேகமும் வாய்க்கப்பெற்றவன். அவனுடைய குதிரையோ பேசும். இரு காலில் நின்று துப்பாக்கியும் ஏந்தும்.

ஹொலிவூட்டின் பழைய கௌபோய்ப் படங்களிலே பூர்வகுடியினர் பெரும்பாலும் சுட்டு வீழ்த்தப்படுவதற்கென்றே வந்து போயினர். சட்டத்தின் நட்சத்திரம் வெள்ளையனின் மார்பிலேயே மின்னியது. அதனை ஒரு பூர்வகுடி மகனின் மார்பில் அணிவித்தமை முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உண்மை வரலாற்றிலே அந்நட்சத்திரம் யாருக்குத் துணைநின்றது? 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்கு உறுதிசெய்யப்பட்ட பிளாக் ஹில்ஸ் மலைநிலத்திலே 1874இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. 1877இல் ஒரு சட்டத்தின் மூலமே அந்நிலம் பறிக்கப்பட்டது. நியூ ரெக்சாசிலும் மண்ணைத் தோண்டி வாழும் ஆதிக்குடிகள் உண்டு. ஆனால், கனிமம் யாருக்கு உரியது என்னும் வினாவைத் தொடர் ஆழமாகத் தொடவில்லை. பேராசை ரெக்ஸ் ஹெக்ஸ் என்னும் தீயவனின் குணமாகவே அங்கு பெரிதும் காட்டப்படுகின்றது.

இத்தொடர் பிறந்த சூழலையும் நாம் நோக்குதல் வேண்டும். சிறுவர் நிகழ்ச்சிகளிலே விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகள் 1984இல் தளர்த்தப்பட்டன. அதன்பின் பொம்மைகளை விற்பதற்கென்றே தொடர்கள் பெருகின. பிறேவ்ஸ்ரார் திரையில் உலவுமுன்னரே, மற்றெல் நிறுவனத்தின் பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டான். வாரம் ஐந்து நாளாகப் பதின்மூன்று வாரங்களுக்கு ஓடத்தக்கவாறு 65 கதைகள் ஆக்கப்பட்டன. பொம்மைகள் எதிர்பார்த்தவாறு விற்கவில்லை, தொடரும் நிலைக்கவில்லை.

எனினும், வணிகத்தின் கூட்டுக்குள்ளும் கலைஞரின் மனச்சாட்சி முற்றாக மடிந்துவிடவில்லை. போதைப்பொருளுக்கு இரையான ஒரு சிறுவன் உயிர்பிழைக்காமலே மாண்டுபோவதை ஒரு கதையிலே அவர்கள் துணிந்து காட்டினர். பிள்ளைகள் உண்மையைத் தாங்கவல்லவர் என்று நம்பியவர்கள் அவர்கள்.

அவர்கள் பணியாற்றிய பில்மேசன் நிறுவனம், ஏனைய நிறுவனங்கள் மலிவான கூலியை நாடி ஆசிய நாடுகளுக்குச் சித்திர வேலையை அனுப்பிய காலத்திலே, அதனைப் பெரும்பாலும் உள்நாட்டிலேயே செய்துவந்தது. அழகுசாதன நிறுவனமாகிய லோறியல் தலைமையிலான முதலீட்டுக் குழுவொன்று அதனை வாங்கியது. 1989 பெப்ரவரி 3ஆந் திகதி நிறுவனம் மூடப்பட்டது. பெருந்தொகையானோரை வேலைநீக்குமுன் 60 நாள் முன்னறிவித்தல் வழங்கவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ பெப்ரவரி 4ஆந் திகதி!

ஒரே ஒரு நாள். திரையிலே ஒவ்வொரு கதையிலும் உரிய வேளைக்கு வந்துசேர்ந்த சட்டம், அத்திரையை வரைந்த கைகளுக்கு ஒரு நாள் பிந்தி வந்தது. சட்டம் எழுதப்படுவது மட்டும் போதாது. அது யாருக்கு, எப்பொழுது வந்துசேர்கின்றது என்பதை உழைப்போர் விழிப்புடன் நோக்கல் வேண்டும். மாணவர்க்குக் கதை சொல்லும் ஆசிரியர்கள், கதையோடு அதனை ஆக்கியோரின் கதையையும் சேர்த்துச் சொல்வார்களாக.