கல்முனைக் கரையில் றேடியோ திருத்துந் தொழில்

மருதமுனையில் தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் கரையோர ஊர்களின் சரித்திரத்தை எழுத முற்படுவோர், நெசவையும் நெல்வயலையும் மீன்பிடியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் ஒரு மேசையையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்திய றேடியோ திருத்துநரைக் குறிப்பிடாமலே போய்விடுகிறார்கள். இது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம். இன்று வீட்டிலுள்ள பழைய கணினியைத் தூக்கிவந்து, புதிதாக வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரை அதனோடு சேர்த்துத் தரும்படி கேட்கும் இளைஞனின் தேவை, அந்த மேசைக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக வந்து நின்ற தேவைதான். கையிலிருக்கும் யந்திரத்தோடு, அதற்குப் பின்னால் பிறந்த சாதனத்தை எவ்வாறு இசைவிப்பது என்பதே அவர்களுடைய வித்தை.

இந்நாட்டின் ஒலிபரப்பே அத்தகைய ஓர் ஒட்டுவேலையில்தான் ஜனித்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923ஆம் ஆண்டில், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்ட சிறிய ஒலிபரப்பியின் துணையோடு, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக அனுப்பினார். யுத்தத்திற்கென்று செய்யப்பட்ட யந்திரம் இசைத்தட்டின் வாகனமாயிற்று. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆரம்பமாகியது.

கரையோர ஊர்களுக்கு வந்த வால்வு றேடியோக்கள் கனத்த மரப்பெட்டிகள். மின்சாரம் எட்டாத வீடுகளில் அவை உலர் பற்றரிகளில் ஓடின. இரண்டு தென்னைகளுக்கிடையே ஏரியல் கம்பி இழுத்து, ஈரமண்ணில் எர்த் இறக்கினால்தான் கொழும்பு தெளிவாகக் கேட்கும். அப்பெட்டிகள் பலவற்றின் முதுகில் இரண்டு சிறு துவாரங்கள் இருக்கும். கிராமபோனின் பிக்-அப்பிலிருந்து வரும் வயரைச் செருகுவதற்கென்று அமைக்கப்பட்டவை அவை. றேடியோவின் ஒலிபெருக்கும் பகுதியை இசைத்தட்டுக்கு இரவல் கொடுக்கும் வாசல் என்று சொல்லலாம். திருத்துநருக்கோ அவையே நோயறியும் இடமுமாயின. வாய்திறவாத பெட்டி ஒன்று மேசைக்கு வந்தால், அனுபவசாலி ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையின் விரல்நுனியால் அந்தத் துவாரத்தின் முனையைத் தொடுவார். ஸ்பீக்கர் உரத்து உறுமினால் ஒலிபெருக்கும் பின்பகுதி சுகமாக இருக்கிறது, பழுது அலையைப் பிடிக்கும் முன்பகுதியில் என்று அறிவார். உறுமாவிட்டால் பின்பகுதியின் வால்வுகளையும் ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பார். ஒரு கையைப் பின்னால் வைப்பது உயிர்க்காப்பு. இரு கைகளும் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும்.

இத்தொழிலாளரின் கௌரவம் உச்சத்தில் நின்ற காலம் நோன்பு காலம். நோன்பு மாதத்துக்கு முந்திய ஷஃபானின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் ஊரார் பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போவார்கள். கிழக்குக் கரையில் சூரியன் நிலத்தின் பக்கம் இறங்குவதால், அவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, தென்னைகளுக்கு மேலே வானத்தைத் தேடுவார்கள். இங்கே தென்படாத பிறை நாட்டின் வேறெங்கோ தென்பட்டிருக்கலாம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்படும் தீர்மானம் வானொலியின் முஸ்லிம் சேவை வழியாகத்தான் வீடுகளை எட்டியது. தறாவீஹ் தொழுகையும் சஹர் சமையலும் அந்த ஓர் அறிவித்தலுக்காகக் காத்திருந்தன. அதற்கு முதல்நாள் பழுதான றேடியோவைத் திருத்திக் கொடுப்பவனை ஊர் எப்படி மதித்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, புதியது வாங்க வழியில்லாமையால் பழையதைக் காப்பாற்றும் கலை செழித்தது. ஓர் உடைந்த பெட்டியின் அங்கங்கள் வேறு பெட்டிகளுக்கு உயிர் தந்தன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரமும் அறபுநாட்டுத் தொழிலும் சேர்ந்து கசெற் றெக்கோடர்களைக் கொண்டுவந்து குவித்தன. காரி அப்துல் பாசித்தின் குர்ஆன் கிறாஅத்தும் நாகூர் ஹனிபாவின் பாடல்களும் வீடுதோறும் ஒலித்தன. சிறிய கசெற் பெட்டியின் சத்தம் போதாதென்று பட்டால், அதன் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்துப் பழைய மரப்பெட்டியின் முதுகுத் துவாரங்களில் செருகிவிட்டால் போதும்; தலைமுறை இடைவெளி அங்கே குறுக்கிடவில்லை. வயரில் ஓடுவது ஒலியின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் மின்னழுத்தம் மாத்திரமே. அது எந்த வருஷத்துப் பெட்டியிலிருந்து வருகிறது என்று எந்த யந்திரமும் விசாரிப்பதில்லை.

புளூடூத் விசாரிக்கிறது. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கப்பட்டு, 1998இல் நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தொஷிபா ஆகியவையும் கூடிப் பொதுவிதியாக்கிய இம்முறையில், இரு யந்திரங்கள் ஒன்றையொன்று இனங்கண்டு, எந்தப் பணிக்காகச் சேர்கிறோம் என்பதில் முன்கூட்டியே உடன்பட வேண்டும். அச்சடிப்பதற்கு ஒரு விதி, தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு விதி, ஸ்டீரியோ இசைக்கு இன்னொரு விதி. 2004இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுதி புளூடூத்தை அறிந்திருந்தது. ஆயினும் இசைக்கான விதி அதனிடம் இருக்கவில்லை. ஆகவே ஸ்பீக்கர் திரையில் பெயரளவில் தோன்றும், 0000 என்ற இரகசிய இலக்கத்தையும் ஏற்கும், பாட்டு மட்டும் வராது. கணினியில் செருகும் புளூடூத் டொங்கிளைச் செய்த கம்பனியின் சொந்த மென்பொருளைத் தேடிப் போட்டால் சில கணினிகள் இணங்கும். வேறு சில, தொலைபேசி விதியைப் பற்றிக்கொண்டு, கிறாஅத்தைக்கூட மெலிந்த குரலில் ஒலிக்கச் செய்யும். விரலால் தொட்டுப் பார்க்க இங்கே முனை எதுவும் இல்லை. இளந்தொழிலாளர் மணிக்கணக்காகத் திரையையே பார்த்திருக்க நேர்வது இதனாலேதான். அவர்களது பொறுமை முன்னோரது விரல்நுட்பத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பேன்.

ஆயினும் அக்கணினியின் முதுகிலும் ஒரு துளை இருக்கிறது, பச்சை நிறத்தில், 3.5 மில்லிமீற்றர் அளவில். விஷயம் தெரிந்தவர் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல், அத்துளையில் செருகக்கூடிய சிறிய புளூடூத் டிரான்ஸ்மிற்றர் ஒன்றை வாங்கச் சொல்வார். கணினி பழைய வழக்கப்படி மின்னழுத்தத்தை மட்டும் கொடுக்கிறது; விதிகளைப் பேசி ஸ்பீக்கரோடு உடன்படும் வேலை முழுவதையும் அந்தச் சிறு கருவியே ஏற்கிறது; யூஎஸ்பி வாயிலிலிருந்து அது எடுத்துக்கொள்வது மின்சாரத்தை மாத்திரம். எந்த மென்பொருளும் வேண்டாம், எவ்வளவு பழைய கணினியானாலும் சரி. ஓசை ஒரு வினாடியின் சிறு பங்கு பிந்தி வருவதால் படம் பார்க்கையில் உதடும் சொல்லும் சற்று விலகும். பயானுக்கும் பாட்டுக்கும் அதனால் குறை ஏதுமில்லை. ஸ்பீக்கரிலேயே வயர்த்துளை இருந்துவிட்டாலோ அந்தச் செலவும் மிச்சம்.