பிச்சை, குப்பம்மாள்: இந்தப் பெயர்கள் எங்கே போயின?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, பேரனின் முதல் பிறந்தநாள் படத்தை அனுப்பி, "ஐயா, பையன் ஒல்லியா இருக்கானோ?" என்று கேட்டிருந்தாள். "படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. அவனோட எடை அட்டையை அனுப்பு" என்றேன். இந்தப் பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில், வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பிச்சை, பிச்சையம்மாள், குப்பன், குப்பம்மாள் என்று வரிசையாக இருக்கும். பெயரைக் கூப்பிட்டால் சில பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அதட்டுவேன். ஆனால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒருநாளும் விளக்கியதில்லை. எனக்குக் கூச்சம். என் அப்பா பெயரும் பிச்சைதான்.

முன்னால் பிறந்த பிள்ளைகள் இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றவே அந்தப் பெயர். என் அப்பாயியிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது ஒம்போது, தங்குனது நாலு" என்பார். தங்கியது என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை விருந்தாளி, இருந்தாலும் இருக்கும், போனாலும் போகும். 1981இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 91 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

நம் முன்னோர்கள் பிள்ளை வளர்வதைக் கவனிக்காதவர்கள் அல்ல. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், முத்தம் பதினொன்றாம் மாதம், தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் ஓராண்டு கடந்து. எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று அழகாகக் கணித்திருந்தார்கள். ஆனால் பிள்ளை வளராமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கன்னம் உப்பலாக இருந்தால் போதும், நாம் ஏமாந்துவிடுவோம்.

இதில் காலம் மிகக் குறுகியது. கரு உருவான நான்கே வாரத்தில், மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தாய்க்கே அப்போதுதான் உறைக்கும். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடைக்குறைவு. நன்றாக வளரும் பிள்ளை ஐந்து மாதத்தில் பிறந்த எடையின் இரண்டு மடங்கையும், ஓராண்டில் மூன்று மடங்கையும் தொடும். அந்த ஓராண்டிலேயே மூளையும் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிடும். ஐந்து வயதில் என் வகுப்புக்கு வந்த பிள்ளையின் அஸ்திவாரம் எப்போதோ போடப்பட்டுவிட்டது.

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் நம் புதுக்கோட்டையும் ஒன்று. எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. ஊட்டச்சத்துத் திட்டமோ ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைத் தேடிப்போனது. மாதம் ஒருமுறை எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார்கள். பிள்ளை எத்தனை கிலோ என்பதைவிட, போன மாதத்திலிருந்து ஏறியதா என்பதே கேள்வி. ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்து உருண்டை. ஊர்மக்கள் அதை லட்டு என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில், கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். "பிள்ளைய எடை போட்டா கண்ணுபடும்டா தம்பி" என்று அம்மா தடுத்தும், மனைவி தூக்கிப்போய் வந்தாள். ஒருநாள் மையத்துப் பெண் வீட்டுக்கே வந்து, "சார், பாப்பாவுக்கு ரெண்டு மாசமா எடை ஏறல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு என்னம்மா குறை? லட்டெல்லாம் இல்லாதப்பட்ட பிள்ளைங்களுக்குக் கொடு" என்று தெரு கேட்கச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அட்டைக்கு வாத்தியார் பிள்ளைன்னு தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் உட்கார்ந்து விசாரித்தார். ஒரு வயதில் கோயிலில் சோறூட்டும்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு மாதத்துக்குமேல் அது மட்டும் போதாது. இடையில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வேறு. பருப்பும் சோறும் குழைத்து நெய் விட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் மாதம் அட்டையில் கோடு மேலே போயிருந்தது.

ஆனால் நான் தெருவில் பேசியது தெருவிலேயே நின்றுவிட்டது. "அது இல்லாதவங்களுக்குத்தானாம்" என்று பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையைத் தூக்கிப்போவதை நிறுத்திவிட்டாள். அவளை மறுபடி வரவைக்க அந்த மையத்துப் பெண் நாலு நடை நடந்தார். நான் கெடுத்ததை அவர் சரிசெய்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

அந்தத் திட்டம் கடுமையான ஊட்டக்குறைவை நன்றாகவே குறைத்தது. நடுத்தரக் குறைவை அவ்வளவு தொட முடியவில்லை. பின்னால் அது அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது. கர்ப்ப காலத்திலேயே தாய்க்குக் கிடைக்கும் அரசு உதவி இன்று நம் ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், பெண் படிப்பு எல்லாம் சேர்ந்து, 2020இல் தமிழ்நாட்டில் அந்த 91 என்ற எண் 13 ஆனது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு, பதிவேட்டில் ஒரு பிச்சைகூட இல்லை. எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

என் மாணவி அட்டையை அனுப்பினாள். பையன் மெலிந்த உடல்வாகுதான். ஆனால் கோடு மாதாமாதம் ஏறியிருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிச்சையோ குப்பம்மாளோ இருந்திருப்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த மாத எடையைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்